பட்டியலில் நாலாவது

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சண்முகக்கனி வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டர் வகுப்பு வாசலை மிதித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்தது சரியா வேலை செய்யல."

ஜெனோவா டீச்சருக்கு அவளைவிட இருபது வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. நாற்காலியைக் காட்டினாள்.

சண்முகக்கனி ஒரு ஸ்டுடியோவில் படம் பிரிண்ட் போடுகிறவள். படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் விரியும். கடைக்கு வேண்டிய கட்டளைகளை அதில் தானே சேர்த்துக்கொள்ள டீச்சர்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

மூன்றாவதை அமுக்கினால் படம் அடியோடு அழியும். வேலை முடிந்த படம் கடையில் தங்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. நாலாவது, பிரிண்ட்.

நேற்று புதிதாக ஒன்று சேர்த்தாள், படத்தைச் சுருக்குவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அந்தப் பெருமையோடு, கடைக்கு வந்த பேச்சியம்மாளின் மெமரி கார்டைச் செருகி, செத்துப்போன தன் புருஷனின் பதினாறாம் நாளுக்குப் பெரிதாக்க அந்தம்மாள் கொண்டுவந்த படத்தின்மேல் நாலாவதை அமுக்கினாள்.

படம் போய்விட்டது. அந்த மனிதருக்கு இருந்ததே அந்த ஒரு படம்தான்.

அந்தம்மாளிடம் என்ன சொன்னீர்கள் என்று டீச்சர் கேட்டாள்.

கார்டு கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னாள். பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டதைச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதையும் சொல்லவில்லை.

டீச்சர் தன் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். மீசை வைத்த ஒருவர், சைக்கிளோடு.

"எங்க அப்பா. இது ஒண்ணுதான் இருக்கு. பிரிண்ட் போடுங்க."

பட்டியல் விரிந்தது. சண்முகக்கனியின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

"எத்தனாவது, டீச்சர்?"

"படிச்சுப் பாருங்கக்கா."

கடைப் பட்டியலில் இருந்த பெயர்களெல்லாம் முதலாளி துண்டுச் சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவை. எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்திருந்தாள். அமுக்குவது மேலிருந்து எண்ணித்தான். புதிதாக ஒன்று மேலே ஏறியதும் மூன்றாவது நாலாவதாகிவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்பது ஆறு வருஷமாகக் கடையில் யாருக்கும் தெரியாது.

"எனக்குத் தமிழ்தான் படிக்க வரும்" என்றாள், தரையைப் பார்த்து.

"பேரை இங்கிலீஷ்லதான் வைக்கணும்னு யாருக்கா சொன்னா?"

அங்கிருந்து நேரே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள்.

"கார்டு கெட்டுப்போகல. நான்தான் அழிச்சுட்டேன்."

பேச்சியம்மாள் அழவில்லை. திட்டவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக பேராவது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது.

"சீனிப்பாண்டி."

மறுநாள் கடை திறந்ததும் சண்முகக்கனி பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தமிழில் அடித்தாள். சுருக்கு. வெளிச்சம் கூட்டு. பின்னணி வெட்டு. பிரிண்ட்.

அடியோடு அழிக்கிற கட்டளைக்கு மட்டும் 'சீனிப்பாண்டி' என்று பெயர் வைத்தாள்.