சுவருக்கு இந்தப் பக்கம்

செடிகளை இனம் பிரிக்கக் கற்றுத்தரும் குடில் ஒன்று மலையடிவாரத்தில் இருந்தது. ஆசான் நல்லசிவம். அவரைவிட வயதில் மூத்த சீடர் தணிகாசலம், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இனத்தைக் கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம். தணிகாசலம் வந்து சேர்ந்ததே அதற்காகத்தான். போன மாசியில் இறந்துபோன மனைவி பூங்காவனத்தின் பெயர் ஒரு செடிக்காவது நிற்க வேண்டும்.

மார்கழிக் காலையில் அவர் ஓடி வந்தார். ஓடுகிற வயதில்லை. ஆனாலும் ஓடி வந்தார்.

"ஐயா, கிடைச்சாச்சு!"

சக சீடர் அபரஞ்சிக்கு யார் குரலும் வரும். சமையல்கட்டிலிருந்தே தாசில்தார் குரலை எடுத்தாள்.

"மனு பெறப்பட்டது! விசாரித்து ஆவன செய்யப்படும்! அடுத்த ஆள்!"

"விளையாடுற நேரமா இது?" என்று அதட்டினார் தணிகாசலம். செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்த இரண்டு கிளைகளை ஆசான் முன்னால் விரித்தார்.

"இது நம்ம டிசம்பர் பூ. குடிலோட சுற்றுச்சுவருக்கு வெளியே எடுத்தது. சின்ன இலை, நல்ல தடிப்பு. கொத்துக் கொத்தாப் பூ, அடர்ந்த ஊதா. இது சுவருக்கு உள்ளே. இலை அகலம், மெல்லிசு. பூக்கிறதே அபூர்வம், அதுவும் வெளுத்துப் போயிருக்கு. ரெண்டும் பங்காளிகள்தான். ஆனா வேற இனம்."

ஆசான் நிதானமாகப் பார்த்தார். "சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள்."

"அப்போ பெயர்?"

"மண்வெட்டி கொண்டு வாருங்கள்."

சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று இருந்தது. சுவர் நிழலில் வெயில் படாமல் நின்ற உள்பக்கச் செடியின் அடிமண்ணைத் தணிகாசலமே விலக்கினார். தண்டு ஒன்று மண்ணுக்குள் படுத்தபடியே ஓட்டைக்குள் போயிற்று. வெளியே போய்ப் பார்த்தார். அங்கே அது பெரிய செடியோடு சேர்ந்திருந்தது.

அபரஞ்சி வாயைத் திறந்தாள். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"தாளில் பாருங்க ஐயா, எவ்வளவு வித்தியாசம்!"

"தாளில் சுவர் வராது."

தணிகாசலம் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குன்னு நான் எதுவுமே செஞ்சதில்லை. இதாவது செய்யலாம்னு..."

"எப்படி இருப்பார்கள் அந்த அம்மா?"

"ரொம்ப அமைதி. வாயே திறக்க மாட்டா. வாசல்ல நான் செருப்பைக் கழற்றினாலே வீடு அடங்கிடும்."

"பிறந்த வீட்டில்?"

அவர் முகம் மலர்ந்தது. "அங்கேயா! தெருமுனைக்கே கேட்கும் அவ சிரிப்பு. என்னை மாதிரியே பேசிக் காட்டி, தங்கச்சிகளைச் சிரிக்க வெச்சே உருட்டிடுவாளாம். நான் போய் நின்னா கப்சிப். இவளா அவள்னு எனக்கே சந்தேகம் வரும்."

ஆசான் விலக்கிய மண்ணைத் தள்ளித் தண்டை மூடினார்.

"இரண்டு பேரா?" என்று கேட்டார்.

தணிகாசலம் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு அபரஞ்சியைப் பார்த்தார்.

"என்னை மாதிரி இன்னொரு தரம் பேசு தாயி," என்றார்.