பெஞ்சில் இருந்தவள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு சூடாமணி என்ற டாக்டர் தலைவர். அவரிடம் பயின்றுகொண்டிருந்தவர் டாக்டர் ஜெபசிங்.

ஒரு நாள் வேன் ஓட்டுநர் ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து துளி சதை வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததுமே ஜெபசிங்குக்கு அது நிணநீர்ப் புற்று என்று பட்டுவிட்டது. அதைக் காட்டிக்கொடுக்கும் ஐந்து சாயங்களை ஏற்றினார். அதுவாக இருந்தால் அணுக்கள் பழுப்பாக வேண்டும். ஒன்றுகூட ஆகவில்லை. சாயத்திலும் குறையில்லை. ஒப்பிட வைத்திருந்த வேறு திசு நன்றாகவே பழுப்பேறியிருந்தது.

மறுநாள் காலை மருந்து ஏற்ற, வார்டில் இந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். மருந்து மாறினால் உடம்பு நொறுங்கும், கட்டி வளரும்.

'நிணநீர்ப் புற்று, சாயம் ஏறாத வகை' என்று எழுதிக்கொண்டு போனார் ஜெபசிங்.

சூடாமணி படித்துவிட்டு, "அஞ்சும் இல்லைங்குது. நீ ஆமாங்குற. சாயம் வீண்செலவுதான் போல" என்றார்.

"பார்த்தா அப்படித்தான் இருக்கு மேடம். ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. வேற என்னவா இருக்கும்?"

சூடாமணி ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து பெண்களின் பெயரை எழுதிக் கொடுத்து, வெளியே பெஞ்சில் இருப்பவர்களிடம் போய்க் கூப்பிடச் சொன்னார்.

ஜெபசிங் ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. திரும்பி வந்து, யாரும் இல்லை என்றார்.

"பெஞ்சு காலியா?"

"இல்ல மேடம். ஒரு அம்மா காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்காங்க."

"அவங்க யாரு?"

ஜெபசிங் வெளியே போய்க் கேட்டார். ஓட்டுநரின் மனைவி, பெயர் முத்துப்பேச்சி. கூப்பிட்டதில் தன் பெயர் இல்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை, அதனால் பேசாமல் இருந்தேன் என்றாள்.

உள்ளே வந்த ஜெபசிங் ரிப்போர்ட்டைக் கிழித்தார். அந்த ஐந்தும் தேடாத வேறொரு வகையை, மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்களை அடையாளம் காட்டும் சாயத்துக்கு எழுதிக் கொடுத்தார். சூடாமணி வார்டுக்குப் போன் செய்து ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்.

மறுநாள் கண்ணாடித் தகடு முழுக்கப் பழுப்பு. ரத்தப் புற்று, ரத்தத்தில் தலைகாட்டும் முன்பே கழுத்தில் வந்து கட்டியாய் உட்கார்ந்திருந்தது. அபூர்வம்தான், ஆனால் அதற்கென்று மருந்து உண்டு.

ஜெபசிங் தகட்டிலிருந்து நிமிர்ந்தார். "நேத்தும் இது இங்கேயேதான் இருந்திருக்கு மேடம்."

"அந்தம்மாவும் இன்னும் பெஞ்சுலதான் இருக்காங்க" என்றார் சூடாமணி. "போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடு."