அப்டேட் போடவா, டீச்சர்?

"டீச்சர், அப்டேட் போடவா, வேண்டாமா?"

கலியபெருமாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலிலேயே நின்று கேட்டார்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. பழுதான ட்ரோன்களை ரெஜினா அங்கேதான் சரிசெய்வாள். முன்பு ஐடிஐயில் பாடம் எடுத்தவள். வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் அவளை விடவில்லை. அவளுக்கு முப்பத்துமூன்று வயது, அவருக்கு ஐம்பத்தொன்று. கொள்ளிடக் கரையோர ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, தேர் என்று எதுவானாலும் மேலேயிருந்து படம் பிடிப்பவர் அவர். ட்ரோன் பறக்கவிடக் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

"உக்காருங்க அண்ணே."

"உக்கார நேரமில்ல டீச்சர். ஒரு மாசமா இந்தப் புது ட்ரோன் என் உசுர எடுக்குது. ஆன் பண்ணினாலே, புது அப்டேட் வந்திருக்கு, இப்பவா அப்புறமாவான்னு கேக்குது. நானும் அப்புறம் அப்புறம்னே அமுத்திக்கிட்டு இருக்கேன்."

"ஏன்?"

"போன ட்ரோனுக்குப் போட்டேன். மறுநாளே தெப்பக்குளத்துல விழுந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் வேடிக்கை பாத்தாங்க. என் மச்சான் போடாமலே ஓட்டினான். அவனோடது வயக்காட்டுப் பக்கம் போனது போனதுதான். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் போடுங்கன்னு சொல்லி, அது விழுந்துட்டா?"

"உங்களைத் திட்டுவேன்."

"வேண்டாம்னு சொல்லி விழுந்துட்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்பவும் உங்களைத்தான்."

ரெஜினா சிரித்துவிட்டாள்.

"சரி. அந்த அப்டேட்ல என்ன மாத்தியிருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்ல நீளமா ஏதோ போட்டிருக்கான்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

அவள் ஒரு பழுதான ட்ரோனை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கலியபெருமாள் மருந்துக்கடைக்காரரிடம் போய் உட்கார்ந்தார். வரி வரியாகப் படிக்கச் சொல்லி, தமிழில் எழுதிக்கொண்டார். மொத்தம் ஒன்பது வரி. மறுநாள் மறுபடியும் படியேறினார்.

"ரெண்டு சங்கதிதான் டீச்சர் முக்கியம். காத்தடிச்சாலும் இனிமே ஒரே இடத்துல ஆடாம நிக்குமாம். அது நல்லது. ஆனா பேட்டரி முப்பதுக்கு இறங்கினாலே தானா நம்மகிட்டத் திரும்பிடுமாம். முன்னாடி இருபது வரைக்கும் தாங்கும். அது கெட்டது. இப்பச் சொல்லுங்க, போடவா?"

"இப்ப உங்ககிட்ட இருக்கறது காத்துல எவ்வளவு ஆடும்?"

"ஆடும்."

"எவ்வளவு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் விரித்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"தெரியல டீச்சர்."

"ஆத்து மணலுக்குப் போங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார். வறண்டு கிடந்த கொள்ளிடத்து மணலில் நின்று பறக்கவிட்டார்.

"நான் கேட்டது ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு என்னை வெயில்ல வத்தலாக் காயப்போடுது" என்று மனைவியிடம் புலம்பினார்.

ஆனாலும் போனார். மேல்காற்றில் அது எவ்வளவு தூரம் சறுக்குகிறது, எதிர்காற்றில் திரும்பி வர எத்தனை நிமிஷம் கூடுதலாகிறது, எந்த உயரத்தில் திணறுகிறது, எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தெரியத் தெரிய, யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

நாலாவது ஞாயிறு. மணலில் உட்கார்ந்து, தானே அமுக்கினார். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிரம்பியது.

அன்று ரெஜினாவும் அங்கே வந்திருந்தாள்.

"போட்டுட்டேன் டீச்சர்."

"சரி."

"செஞ்சது சரியா, தப்பா?"

"முப்பதுக்கு இறங்கட்டும்."

முப்பதுக்கு இறங்கியது. ரிமோட் கீச்சிட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று திரையில் எண்கள் ஓடின. அதற்குள் நிறுத்தும் பொத்தானை அமுக்கினால் ட்ரோன் திரும்பாமல் அங்கேயே நிற்கும். கலியபெருமாள் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது திரும்பி வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டது.

"மறுபடி" என்றாள் ரெஜினா.

மறுபடி. மறுபடி. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதேதான். ஒருநாள் அவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க பொண்ணு கல்யாணத்துல பந்தியில என்னென்ன போட்டீங்க?"

"அதுவா? ஜாங்கிரி, வடை, உருளைக்கிழங்கு வறுவல், சேனை மசியல்..."

அவர் மோர்க்குழம்புக்கு வருவதற்குள் ரிமோட் கீச்சிட்டது. கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. அவர் பாட்டுக்குப் பாயசத்துக்குப் போய்விட்டார்.

ரெஜினா வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆவணி பிறந்தது. மேலே எங்கேயோ கொட்டிய மழைக்கு, ஒரே காலையில் கொள்ளிடம் இருகரையும் தொட்டுக்கொண்டு வந்தது.

நடு ஆற்றுத் திட்டில் நாணல் அறுக்கப் போயிருந்தவர்கள் மூன்று பேர். வீரம்மாள், அவள் புருஷன், அவள் நாத்தனார். ஓடி வர நேரமில்லை. திட்டில் நின்ற ஒற்றைக் கருவேல மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

ஒரு கல்யாணத்தில் படம் பிடித்துவிட்டு அந்த வழியாக வந்த கலியபெருமாள், கரையில் கூட்டத்தைப் பார்த்து பைக்கை நிறுத்தினார்.

பரிசல்காரர் வைரவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கயிறு அந்த மரத்துக்குப் போயிட்டாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டே மூணு பேரையும் கொண்டாந்துடுவேன். கயிறு இல்லாம இறங்கினா என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"தீயணைப்பு வண்டி?"

"வருதாம். அது வர்றதுக்குள்ள இடுப்புக்கு ஏறிடும்."

கலியபெருமாள் பெட்டியைத் திறந்தார். கல்யாணத்தில் மற்ற பேட்டரிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்றில் நாற்பத்தொன்று.

தூண்டில் நரம்பு ஒரு சுருள் கொண்டுவரச் சொன்னார். ஒரு முனையை ட்ரோனில் கட்டி, இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே தொங்கும்படி ஓர் இரும்பு நட்டைக் கோத்தார். மறுமுனையை வைரவனின் கயிற்றோடு முடிந்தார்.

ட்ரோன் எழுந்தது. நரம்பு பின்னால் வளைந்து வளைந்து போனது.

பாதி ஆற்றைத் தாண்டியபோது ரிமோட் கீச்சிட்டது.

"ஐயோ, என்னமோ கத்துது!" என்றது கூட்டம்.

அவர் காதில் அது விழவே இல்லை. கட்டைவிரலுக்குக் கேட்டிருந்தது.

காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. ட்ரோன் நகரவில்லை. வீரம்மாளின் தலைக்கு நேர் மேலே ஆணியடித்த மாதிரி நின்றது. மெதுவாக இறக்கினார். வீரம்மாள் எட்டினாள், தவறியது. இன்னும் ஒரு முழம் இறக்கினார். நட்டு அவள் உள்ளங்கையில் அகப்பட்டது.

அடுத்த நொடி, நாணல் அறுத்த அரிவாளாலேயே மேலே இருந்த நரம்பை ஓர் இழுப்பு. ட்ரோன் விடுபட்டு எழுந்தது. நரம்பு அவள் கையில்.

மூன்று பேரும் மாறி மாறி இழுத்தார்கள். நரம்பைத் தொடர்ந்து கயிறு போய்ச் சேர்ந்தது. கருவேல மரத்தில் மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.

"விடுங்கடா பரிசல!" என்று வைரவன் குதித்தெழுந்தார்.

முதல் நடையில் பெண்கள் இருவர். இரண்டாவது நடையில் வீரம்மாளின் புருஷன். அவன் கால் கரையில் பட்டதும் குலவைச் சத்தம் எழுந்தது. அதே கல்யாணத்தில் வாசித்துவிட்டு வேனில் வந்த மேளக்காரர்கள், இறங்குவதற்கு முன்பே தவிலை எடுத்துவிட்டார்கள். கலியபெருமாளை யாரோ தோளில் தூக்கினார்கள். வீரம்மாள் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவர் கழுத்தில் போட்டாள். சேறும் தண்ணீருமாகச் சொட்டிய அந்தத் துண்டோடு அவர் கரை முழுக்க ஊர்வலம் போனார்.

மறுநாள் மாடி அறையில் நின்று முழுக்கதையையும் நடித்தே காட்டினார். ரெஜினா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாம் அந்த அப்டேட் புண்ணியம் டீச்சர்! காத்துல என்னமா நின்னுச்சு தெரியுமா!"



அவருக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது.

"டீச்சர், நான் மட்டும் அன்னைக்கு அதைப் போடாம விட்டிருந்தா?"

ரெஜினா அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்பவும் மூணு பேரும் கரையேறியிருப்பாங்க அண்ணே. அது எவ்வளவு ஆடும்னுதான் உங்களுக்குத் தெரியுமே."