போன நேரம்

ஈச்சமலை மடத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும். வாசலில் ஒரு பலகையின் மேல் தடித்த நோட்டு ஒன்று கிடக்கும். அதில் பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம் என்று நான்கு கட்டங்கள். காட்டுக்குள் இருக்கும் மடம் என்பதால் வனத்துறைக்காரர் மாதம் ஒருமுறை வந்து அதைப் புரட்டிப் பார்ப்பார். மற்றபடி அதை யாரும் படிப்பதில்லை.

மகுடபதி சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு வந்து சேர்ந்தார். நின்றபடியே நான்கு கட்டங்களையும் நிரப்பினார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் வருவார். இது பன்னிரண்டாவது வருடம்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். மற்ற கம்பெனிகளுக்குள் போய், என்ன சரியில்லை என்று பார்த்து, எப்படிச் சரி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது வேலை. ஓரிடத்தில் மூன்று மாதம், இன்னோரிடத்தில் ஆறு மாதம். போகிற இடமெல்லாம் கழுத்தில் 'விசிட்டர்' அட்டை தொங்கும். சென்னையில் அவருடைய சொந்த நிறுவனத்துக்கு ஏழு மாடிகள். அதில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. யாருக்குமே கிடையாது. முதல் நாளே போனில் சொல்லிவைத்தால் மறுநாள் உட்கார ஒரு மேசை கிடைக்கும். சாயங்காலம் அதைச் சுத்தமாக விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் திட்டு வாங்கி, ஒருவர் பிறந்தநாளுக்கு இன்னொருவர் கேக் வாங்கி வருவார். வேலை முடிந்த மறுநாள் ஆளுக்கொரு ஊர். மகுடபதியின் போனில் அப்படி நாற்பத்தொரு குழுக்கள் இருந்தன. எதிலும் யாரும் பேசுவதில்லை. ஒன்றிலிருந்தும் அவர் விலகவும் இல்லை.

மடத்துச் சாமி பின்கட்டில் உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். மகுடபதியைவிடப் பத்து வயது சிறியவர். மலைக்கு வருவதற்கு முன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதனாலோ என்னவோ, எல்லோரையும் 'சார்' என்பார்.

"வாங்க சார். எந்த ஊர்ல இருந்து?"

"இப்ப பெங்களூர், சாமி."

"போன வருஷம் புனேன்னீங்க."

"அது முடிஞ்சுபோச்சு."

மகுடபதி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கொட்டையை எடுத்தார். தோலுக்குள் நகம் போகவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எங்க ஆபீஸ்ல அம்பத்தஞ்சுக்கு மேல வச்சுக்க மாட்டாங்க. இப்ப ரியாத்ல ஒரு வேலை வந்திருக்கு. அதுக்குச் சரின்னா மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். திங்கட்கிழமை காலைல பெங்களூர்ல மீட்டிங். அங்க பதில் சொல்லணும். போகட்டுமா, இல்ல வீட்டுக்கே போயிடட்டுமா?"

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"'உங்களுக்கு எது வசதியோ அப்படிப் பண்ணுங்க'ங்கிறா."

சாமி அடுத்த கொட்டையை எடுத்தார்.

மகுடபதியின் வீடு கோயம்புத்தூரில். சனிக்கிழமை காலை போவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்புவார். போகும்போதெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் ஒரு துவைத்த துண்டு நான்காக மடித்து வைத்திருக்கும். மனைவி தமயந்தி வைப்பது. ரொம்ப வருடம் அதைப் பிரியம் என்றே நினைத்திருந்தார். ஒருநாள் ஏதோ ஓர் ஊர் ஓட்டல் அறையில், கட்டிலின் கால்மாட்டில் அதேபோல மடித்த துண்டைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. வீட்டில் மற்றவர்களின் துண்டுகள் கொடியில் கிடக்கின்றன. அவருடையது கொடியில் கிடந்ததே இல்லை.

அதை யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடமும் இப்போது சொல்லவில்லை.

"நாளைக்குப் பேசலாம் சார்," என்றார் சாமி.

ஞாயிற்றுக்கிழமை காலை மகுடபதிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்த சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மடத்தைச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தார். விறகை எங்கே அடுக்கினால் நடை குறையும் என்று யோசித்தார். மூன்று குறிப்புகள் எழுதிவிட்டார். நான்காவதைப் பாதி எழுதும்போதுதான் அடுப்பைக் கவனித்தார். அது பழைய இடத்திலேயே இருந்தது.

சமையல் செய்கிற மாராயியிடம் கேட்டார். "அடுப்பைக் கெழக்கால மாத்தச் சொல்லி போன வருஷம் எழுதிக் குடுத்தேனே."

"மாத்துனமுங்க."

"அப்புறம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. பொகை நேரா வெளிய போச்சு. நாங்கூடச் சொன்னேன், சாரு படிச்ச படிப்பு வீண் போகலைன்னு."

"பின்னே ஏன் இங்கயே இருக்கு?"

"ஐப்பசி மழைக்குச் சாரல் அந்தப் பக்கந்தானுங்க அடிக்கும். ரெண்டு நாள் ஒலை கொதிக்கலை. சாமியே பட்டினி. அப்புறம் நாங்களே கல்லைத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சுட்டோம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாராயி கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே யோசித்தாள்.

"யாருகிட்டச் சொல்றதுங்க? நீங்கதான் போயிட்டீங்களே."

மகுடபதி புத்தகத்தை மூடிப் பையில் போட்டார். இத்தனை வருடத்தில் எத்தனை அடுப்புகளை மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். அங்கெல்லாம் எந்தப் பக்கம் மழை அடித்தது என்று அவருக்குத் தெரியாது.

சாப்பாடு ஆயிற்று. மணி மூன்றரை. மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ் நான்கு இருபதுக்கு. அதை விட்டால் இரவு ரயில் கிடைக்காது. ரயில் இல்லை என்றால் காலை ஒன்பதரை மணி மீட்டிங்கும் இல்லை. மகுடபதி பையைக் கட்டி வைத்துவிட்டு சாமி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, நேத்துக் கேட்டது."

"அந்த நோட்டை எடுத்துட்டு வாங்க சார்."

வாசல் நோட்டை எடுத்து வந்தார்.

"உங்க பேரு எங்கெங்க இருக்குன்னு பாருங்க."

மடத்துக்கு வருகிறவர்கள் குறைவு. பன்னிரண்டு வருடமும் அந்த ஒரே நோட்டில்தான் இருந்தன. மகுடபதி முதலிலிருந்து புரட்டினார். மற்றவர்கள் வந்தது ஒரு மையில் இருந்தது, போனது வேறு மையில். சிலர் போனதை எழுத மறந்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் கோணல் எழுத்தில் 'மாராயி' என்று இருந்தது. வந்த நேரம் இருந்தது. போன நேரம் காலி.

"அதைப் பார்த்துட்டு வனத்துறைக்காரர் மாசாமாசம் சத்தம் போடுவாரு," என்றார் சாமி. "'ஒண்ணு அந்தம்மாவைப் போகச் சொல்லு, இல்ல கட்டத்தை நிரப்பு'ம்பாரு."

மகுடபதி தன் வரிகளைப் பார்த்தார். பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் வந்ததும் போனதும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே வேகம். கடைசி வரியில் இன்றைய தேதியும் 4.20-ம் நேற்றே உலர்ந்திருந்தன.

"ஆபீஸ் பழக்கம் சாமி," என்றார். "வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள அந்த வாரம் முழுக்க எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம்னு போட்டுடணும். வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து. இன்னும் வராத நாளையும் முன்னாடியே எழுதிடுவோம். கை அப்படியே பழகிப்போச்சு."

"சரி. அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வரும்ல, எப்படி இருக்கும்?"

மகுடபதி நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எழுதினபடியே இருக்கும்."

சாமி தலையாட்டினார். கீழே வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. மெல்ல ஏறி வந்து மடத்து வாசலில் திரும்பி நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"சாரு, கெளம்பலாங்களா?"

மகுடபதி நோட்டோடு எழுந்து பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நான் கேட்டதுக்குச் சாமி ஒண்ணும் சொல்லலையே."

"யாருக்குச் சார் சொல்றது? நேத்துப் பத்தே காலுக்கே கிளம்பிட்டீங்களே."

மகுடபதி நின்றார். அவருக்குக் கோபம் வந்தது போலிருந்தது. அது கோபம் இல்லை. கண்டக்டர் மறுபடி கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். 'வருகிறேன்' என்ற சொல்லும் வாயில் வரவில்லை, 'வரவில்லை' என்ற சொல்லும் வரவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பிறகு கண்டக்டர் கையை விரித்துக் காட்டிவிட்டு விசில் ஊதினார்.

பஸ் இறங்கும் சத்தம் முதல் வளைவில் கேட்டது, இரண்டாவது வளைவில் கேட்டது. மூன்றாவதில் கேட்கவில்லை.

மகுடபதி வாசல்படியில் உட்கார்ந்தார். போனில் சிக்னல் இல்லை. ஒன்பதரை மணிக்கு ஒரு கண்ணாடி அறையில் பதினான்கு பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். ஒன்பது நாற்பதுக்கு வேறொருவர் ஆரம்பித்துவிடுவார். அது அவருக்குத் தெரியும். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் கோயம்புத்தூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. பாதியில் விட்டுவிட்டார்.

கையோடு கொண்டுவந்த நோட்டு மடியில் இருந்தது. அதில் 4.20 என்று எழுதியிருந்தது. மணி ஐந்தாகப் போகிறது.

"சாமி, பஸ் போயிடுச்சு."

"ஆமா."

"இப்பச் சொல்லுங்க."

சாமி எழுந்து வந்து நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"இப்பத்தானே சார் வர்றீங்க. கை கால் கழுவிட்டு வாங்க."