கடைசித் துண்டு கரையும் வரை

உயிருள்ளவையும் உயிரற்றவையும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நீலமலையின் உச்சியில், சோலைக்காட்டை ஒட்டி ஒரு சுனை இருந்தது. அந்நாளில் தண்ணீர் உறைவதற்கும் உருகுவதற்கும் ஓர் ஒழுங்கு கிடையாது. வெயில் வந்தால், முந்திக்கொண்ட பகுதி மட்டும் உருகி, கிடைத்த வெப்பம் அவ்வளவையும் தானே வைத்துக்கொண்டு சுடத் தொடங்கும். பக்கத்திலேயே மிச்சப் பனிக்கட்டி கடுகளவும் இளகாமல் கிடக்கும். ஒரே சுனையில் இந்தக் கரையில் கால் வைத்தால் விறைக்கும். அந்தக் கரையில் வைத்தால் வேகும்.

அந்தச் சுனையில் குடியிருந்தவள் நுணலி என்னும் தவளை. அந்தப் பனிக்காலத்தில்தான் அவள் முதன்முறையாக முட்டையிட்டிருந்தாள். வழவழப்பான சரத்தில் கருமணிகளைக் கோத்ததுபோல் நூறு முட்டைகள். அவற்றை மேற்கு மூலையில் விட்டுவிட்டு, மாலையில் தண்ணீரிடம் பணிவாகக் கேட்டாள்.

"அக்கா, என் பிள்ளைகள் உன் மடியில் கிடக்கின்றன. இந்த மூலையில் மட்டும் இன்று கல்லாகிவிடாதே."

"அதற்கென்ன, பார்த்துக்கொள்கிறேன். நீ போய் நிம்மதியாகப் படு" என்றாள் தண்ணீர்.

வாக்குக்குச் சாட்சியாகப் பூவிதழ் கொடுப்பது அக்காலத்து வழக்கம். நுணலி காட்டுப்பூவரசின் சிவந்த இதழ் ஒன்றை நீட்டினாள். தண்ணீர் அதை வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டாள்.

விடிந்ததும் நுணலி ஓடிவந்து பார்த்தாள். மேற்கு மூலை முழுவதும் பனிக்கட்டி. சரத்தின் ஓரத்தில் பத்து முட்டைகள் வெளுத்துப் போயிருந்தன.

"வாக்குக் கொடுத்தாயே அக்கா."

"யார், நானா?" என்றாள் பனிக்கட்டி. "உன்னை இப்போதுதான் பார்க்கிறேன். நேற்று மாலை நான் இங்கே இல்லவே இல்லை."

"இதே இடத்தில்தானே பேசினோம்?"

"இடத்தைக் கேட்காதே, ஆளைக் கேள். போகட்டும், அழாதே. பிள்ளைகளைக் கிழக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போ. அங்கே சூடு தாக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

நுணலிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் இழுத்துக்கொண்டு போனாள். உச்சிவேளையில் கிழக்கு மூலை உருகி, ஆவி பறக்கச் சுட்டது. மேலும் பத்து முட்டைகள் வெந்துபோயின.

"கிழக்கு மூலையா?" என்று வியந்தாள் தண்ணீர். "மாலையில் பேசியவள் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கைப் பற்றித்தான் பேச்சு. காலையில் உன்னிடம் பேசியவள் யாரோ, எனக்கென்ன தெரியும்? வெயில் கொடுத்தது, நான் வைத்துக்கொண்டேன்."

நீர் குடிக்க வந்த வரையாட்டுக் கடா ஒன்று இதைக் கேட்டுக்கொண்டே நின்றது.

"என்ன நுணலி, பிள்ளைகளோடு ஊர்வலமா? உன் வீட்டுக்காரி இப்போது கல்லா, கஞ்சியா?"

"தெரியவில்லை அண்ணா. ஒருத்தியிடம் சொன்னால் இன்னொருத்தி வந்து நிற்கிறாள். யாரைத் திட்டுவதென்றுகூடத் தெரியவில்லை."

"இருவரையும் திட்டிவை. வீண்போகாது" என்ற கடா, தண்ணீரில் வாய்வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, பேசாமல் நடையைக் கட்டியது.

மேற்கிலும் வைக்க முடியாது, கிழக்கிலும் வைக்க முடியாது. எஞ்சிய எண்பதையும் இழுத்துக்கொண்டு, பனிக்கட்டியும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் நடு இடத்துக்கு நுணலி வந்தாள். ஒரு கால் விறைக்க, ஒரு கால் வேக, சரத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணெதிரே அந்தச் சிவந்த இதழைக் கண்டாள். அதன் ஒரு பாதி பனிக்கட்டிக்குள் பதிந்திருந்தது. மறுபாதி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதை வாங்கியது யார்?" என்றாள் நுணலி.

"நான்" என்றாள் தண்ணீர்.

"என் மடியில் அல்லவா இருக்கிறது? அப்படியென்றால் நான்தான் வாங்கியிருக்க வேண்டும்" என்றாள் பனிக்கட்டி. சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள்.

"இருவரும் வாங்கியிருக்க முடியாது. நான் கொடுத்தது ஓர் இதழ்."

தண்ணீர் தன் பாதியை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பனிக்கட்டியும் இழுத்துப் பார்த்தாள்; வரவில்லை.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றாள் நுணலி களைத்துப்போய். "ஒருவேளை நீங்கள் இரண்டு பேர் இல்லையோ என்னவோ."

தண்ணீர் பனிக்கட்டியின் பக்கம் திரும்பினாள்.

"அப்படியானால், காலையிலிருந்து இந்த வெப்பத்தை நான் யாருக்குக் கொடுக்காமல் பதுக்கினேன்?"

தண்ணீர் தன்னிடமிருந்த சூட்டையெல்லாம் அள்ளிப் பனிக்கட்டியிடம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கத் தானும் குளிர்ந்து, பனிக்கட்டி நின்ற குளிர் எல்லைக்கே இறங்கி வந்தாள். வெயில் மேலும் தந்ததை ஒரு துளியும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மேற்கு மூலை இளகியது, நடுப்பகுதி இளகியது. கடைசியில் புளியங்கொட்டை அளவுத் துண்டு ஒன்று மட்டும் மிதந்தது. அதற்காகவும் தண்ணீர் காத்திருந்தாள். அதுவும் கரைந்து, இதழ் விடுபட்டு மேலே வந்த பிறகுதான் அவள் மெல்ல வெதுவெதுப்பானாள்.

"இனி என்னில் கடைசித் துண்டு வந்து சேராமல் இந்த எல்லையைத் தாண்டமாட்டேன். கல்லாகும்போதும் கடைசிச் சொட்டுக்காக இங்கேயே நிற்பேன்" என்றாள். சொன்னபடியே அன்றிரவு ஒவ்வொரு சொட்டுக்கும் காத்து நின்றாள். நடுச்சுனை உறைவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. எண்பது முட்டைகளும் பிழைத்தன.

நுணலிக்கு மட்டும் கடைசிவரை குழப்பம் தீரவில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சொல்லிவைத்தாள்.

அந்த நாளிலிருந்துதான், பனிக்கட்டி மிதக்கும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாலும், கலக்கிக்கொண்டே இருந்தால், கடைசித் துண்டு கரையும்வரை தண்ணீர் சூடேறாமல் காத்திருக்கிறது. அது காத்து நிற்கும் அந்த எல்லை உறைகின்ற இடமா, உருகுகின்ற இடமா என்று கேட்டால், இன்றைக்கும் இரண்டுக்கும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.