கட்டவிழ்ந்த பிள்ளை

அந்தக் காலத்தில் பூனை பேசினால் மனிதருக்குப் புரியும். பிறந்த பிள்ளையின் எலும்பு ஈரமண் மாதிரி, அசைந்தால் கோணிவிடும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அதனால் பிள்ளையைப் பலகையில் கிடத்தி, கழுத்து முதல் கால் வரை துணியால் இறுகச் சுற்றி வைப்பார்கள். கழுவித் துடைக்க மட்டும் ஒவ்வொரு கட்டாகத் தளர்த்தி, உடனே மறுபடி கட்டிவிடுவார்கள்.

வீராயியின் முதல் பிள்ளையும் இரண்டு மாதமாக அப்படித்தான் கிடந்தது. பால் கொடுத்தால் குடிக்கும், கூரையைப் பார்க்கும், அழாது. தங்கமான பிள்ளை என்று ஊரே மெச்சியது.

அந்த வீட்டு நெல்குதிருக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஒருநாள் காலை அது பலகைப் பக்கம் வந்து பிள்ளையை முகர்ந்தது.

"வீராயி, இவன் அசையவே மாட்டானா?"

"சாதுப் பிள்ளை."

"என் குட்டிகளில் ஒன்றும் இப்படித்தான் அசையாமல் கிடந்தது. நேற்று செத்துப்போச்சு."

வீராயி துள்ளி எழுந்தாள். அரிவாளை எடுத்து முடிச்சுகளை அறுத்தாள். உள்ளே வந்த அவள் கணவன் சடையன் அப்படியே நின்றுவிட்டான்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!"

துணி விலகியது. பிள்ளையின் தோளிலும் தொடையிலும் வரிவரியாகத் தழும்பு. கைகள் வாடிய கீரைத்தண்டு போலச் சரிந்தன.

திடீரென்று பிள்ளையின் முகம் கன்றிச் சிவந்தது. கைகள் தலைக்கு மேலே போயின. முதுகு வில்லாக வளைந்தது. பாதங்கள் நடுங்கின.

"ஐயோ, இழுப்பு வந்துடுச்சு! பிடிங்க!" என்று வீராயி அலறினாள். சடையன் பிள்ளையை அமுக்கிப் பிடிக்கக் குனிந்தான்.

பூனை குறுக்கே பாய்ந்து சீறியது. "தொடாதே! தூங்கி எழுந்ததும் நானும் இதைத்தானே செய்கிறேன்? நீட்டு என்று உடம்பு கேட்கிறது. அவன் நீட்டுகிறான்."

சடையனின் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளை இன்னொரு முறை உடம்பை முறுக்கிற்று. பிறகு வாயைத் திறந்து வீடு அதிர அழுதது. பிறந்த அன்றைக்குப் பிறகு அவர்கள் கேட்ட முதல் அழுகை அதுதான்.

தெருவே கூடிவிட்டது. கட்டில்லாமல் கால் உதைக்கும் பிள்ளையைக் கண்டு பெண்கள் வாயில் கைவைத்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தன் பிள்ளையின் கட்டை அவிழ்க்கச் சட்டென்று வீட்டைப் பார்த்து ஓடினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள்.

அன்று முதல்தான் நம் பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் கைகால்களைக் குறுக்கே இழுத்து நீவிவிடுகிறார்கள். பிள்ளை தானாக உடம்பை முறுக்கினாலோ, "வளருது" என்று சொல்லி, தொடாமல் பார்த்திருக்கிறார்கள்.