திரையில் ஒட்டிய பிளாஸ்திரி

"நல்ல சேதி எழுதினதுக்கா ரிப்போர்ட்டைக் கிழிச்சீங்க?"

டாக்டர் தேவசகாயத்துக்குக் குரல் எகிறிவிட்டது. எகிறாதா பின்னே? முப்பது வருஷம் ஆபரேஷன் செய்த மனிதர். இடுப்புவலியில் நிற்க முடியாமல் போனதும், ஐம்பத்தைந்து வயதில் ஸ்கேன் படிக்க வந்திருக்கிறார். சொல்லிக்கொடுக்கும் டாக்டர் பொற்கொடி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"கட்டி இருபத்தாறு மில்லிமீட்டர்னு எங்கேருந்து வந்துச்சு, சார்?"

"அளந்தேன், வந்துச்சு."

"பழைய ரிப்போர்ட்டை எப்பப் பாத்தீங்க?"

"அளக்கறதுக்கு முன்னாடி. அதுல என்ன தப்பு?"

பொற்கொடி எழுந்துபோனார். கதவைத் திறந்து, வெளியே நின்ற செல்லக்கனியைக் கூப்பிட்டார்.

செல்லக்கனிக்கு உப்பளத்தில் வேலை. மார்பில் புற்றுக்கட்டி. இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. கட்டி சுருங்கியிருந்தால் அதே மருந்து தொடரும். இல்லையென்றால் மாற்ற வேண்டும். அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேன். "கரைஞ்சிட்டு வருதும்மா" என்று தேவசகாயம் சொன்னதை மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவை படுங்கம்மா. சார் அளக்கட்டும்."

பொற்கொடி பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, திரையின் கீழ் மூலையில் ஒட்டினார். அளவு எண் தெரியும் இடம் அதுதான்.

"இது என்ன மேடம், சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"கட்டியோட ரெண்டு ஓரத்துலயும் குறி வைங்க, சார்."

தேவசகாயம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஜெல்லைத் தடவினார். திரையில் கட்டி கறுப்பாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் புகை மாதிரி. கட்டி எங்கே முடிகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கொஞ்ச நேரம் முன்னால் அந்தப் புகையை விட்டுவிட்டு, உள்ளே தள்ளிக் குறி வைத்திருந்தார். எண் குறைந்துகொண்டே வந்தது, மனசுக்கும் நன்றாக இருந்தது.

இப்போது எண் இல்லை. கட்டியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. புகையின் கடைசியில் ஒரு குறி, எதிர்ப்பக்கம் கடைசியில் ஒன்று.

"இன்னொரு தடவை."

வைத்தார்.

"இன்னும் ஒரு தடவை."

வைத்தார். பொற்கொடி பிளாஸ்திரியை உரித்தார். முப்பத்திரண்டு மில்லிமீட்டர். அடுத்தது முப்பத்துமூன்று. கடைசியும் முப்பத்திரண்டு.

பழைய ரிப்போர்ட்டிலும் முப்பத்திரண்டுதான். தேவசகாயத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

செல்லக்கனி துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ கரையலையா?"

"இல்லம்மா. அப்படியே இருக்கு" என்றார் பொற்கொடி.

"பெறகு ஏன்யா கரையுதுன்னு சொன்னீங்க?" செல்லக்கனி தேவசகாயத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "முடி போச்சு. நகமெல்லாம் கறுத்துப்போச்சு. சோத்தக் கண்டாலே குமட்டுது. கேக்காத மருந்த இன்னும் ரெண்டு தடவ ஏத்திக்கிட்டு, கரையுது கரையுதுன்னு நான் சந்தோசமாப் படுத்துக் கிடக்கணுமா? ஆறுதல் சொல்ல எனக்கு வீட்டுல அஞ்சு பேர் இருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன்!"

செல்லக்கனி பொற்கொடி பக்கம் திரும்பினார்.

"வேற மருந்து இருக்கா, டாக்டரம்மா?"

"இருக்கு. உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசுறேன். நீங்களும் கூட வாங்க."

செல்லக்கனி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பொற்கொடி வாசலைத் தாண்டும்போது தேவசகாயத்தின் குரல் கேட்டது. இப்போது அது எகிறவில்லை.

"அந்தம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க, மேடம். பாவமா இருந்துச்சு. இரக்கப்பட்டது தப்பா?"

பொற்கொடி திரும்பி வந்தார். பிளாஸ்திரிச் சுருளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நல்லா இரக்கப்படுங்க, சார். குறி வச்சு முடிச்சிட்டு இரக்கப்படுங்க."